வடசென்னையில் அச்சுப்பிழை வருவாய் வில்லைகளைச் சேகரிக்கும் முறை

அச்சுப்பிழையுள்ள வருவாய் வில்லைகளை, அதாவது ரெவின்யூ ஸ்டாம்ப்களை, சேகரிக்க விரும்புகிறவர், வாங்கத் தொடங்குவதற்கு முன்பே அவை அச்சான முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு வில்லை வழக்கத்துக்கு மாறாக இருப்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் அந்த மாறுபாடு அச்சகத்தின் எந்தப் படியில், என்ன காரணத்தால் நேர்ந்தது என்று விளக்க முடிந்தால்தான் அதற்குப் பிழை வில்லை என்ற பெயர் பொருந்தும். விளக்க முடியாத வில்லைக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பதே இந்தச் சேகரிப்பின் முதல் விதி. விற்பவர் "ரேர் ஐட்டம்" என்று எத்தனை முறை சொன்னாலும் இந்த விதியைத் தளர்த்த வேண்டியதில்லை. அரிதல்லாத பொருளை விற்கும் வில்லை வியாபாரியை நான் இதுவரை சந்தித்ததில்லை.

அஞ்சல் தலைகளில் உள்ள பிழைகளைப் பல தலைமுறைகளாக எண்ணற்றோர் தேடிச் சலித்துவிட்டார்கள். வருவாய் வில்லைக்கு அந்தக் கவனம் கிடைத்ததில்லை. அது ரசீதில் ஒட்டப்பட்டு, மேலே கையெழுத்து விழுந்த கணமே மறக்கப்படும் பொருள். ரசீதோடு கோப்புக்குள் போய், கோப்போடு பரணில் ஏறி, கடைசியில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகும். அதை நின்று பார்த்துப் பிரித்து வைத்தவர்கள் மிகக் குறைவு என்பதால், பொறுமையுள்ள புதியவருக்கும் நல்ல பிழை வில்லை கிடைக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. வடசென்னையில் அந்த வாய்ப்பு கூடுதல். துறைமுகம், உயர் நீதிமன்றம், பதிவு அலுவலகம், சௌகார்பேட்டையின் வட்டிக்கடைகள், தம்பு செட்டித் தெருவிலும் லிங்கி செட்டித் தெருவிலும் உள்ள வழக்கறிஞர் அலுவலகங்கள், பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைகள் எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கிய இப்பகுதியில், வில்லை ஒட்டிய காகிதம் தலைமுறை தலைமுறையாக நாள்தோறும் உருவாகிக்கொண்டே இருந்திருக்கிறது.

எவற்றைச் சேகரிப்பது

பேச்சு வழக்கில் ரெவின்யூ ஸ்டாம்ப் என்றால் ரசீதிலும் புரோநோட்டிலும் ஒட்டும் சிறிய வில்லையையே குறிக்கிறோம். 1899-ஆம் ஆண்டின் இந்திய முத்திரைச் சட்டம் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட ரசீதுகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தொடக்கத்தில் 20 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஓரணா வில்லை வேண்டியிருந்தது. இன்று 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் வில்லை, அந்த வரம்பு 2004-இல் வந்தது. சேகரிப்பாளர்கள் இதோடு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் எனப்படும் நீதிமன்றக் கட்டண வில்லை, நோட்டரி வில்லை, பங்கு மாற்று வில்லை, காப்பீட்டு வில்லை ஆகியவற்றையும் சேர்த்தே வருவாய் வில்லைகள் என்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொட வேண்டாம். ரசீது வில்லை, நீதிமன்றக் கட்டண வில்லை இரண்டும் இப்பகுதியில் ஏராளமாகக் கிடைப்பதால், பிழையில்லாத வில்லை எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு அவையே ஏற்றவை. நூறு சாதாரண வில்லைகளைக் கூர்ந்து பார்க்காதவருக்கு நூற்றோராவது வில்லையில் உள்ள பிழை தெரியாது.

சில ஆண்டுகளை மனத்தில் வைத்துக்கொண்டால் கையில் உள்ள வில்லையின் காலம் ஏறக்குறையப் பிடிபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்திய வில்லைகள் பெரும்பாலும் லண்டனில் டி லா ரூ நிறுவனத்தில் அச்சாகி வந்தன. நாசிக்கில் இந்தியப் பாதுகாப்பு அச்சகம் 1925-இல் அமைந்தது. 1906-இல் வெளிவந்த ஏழாம் எட்வர்டு மன்னரின் அரையணா, ஓரணா தலைகளில் அஞ்சல், வருவாய் என்ற இரண்டு பயன்களும் சேர்த்தே அச்சிடப்பட்டிருந்தமையால், அக்காலத்து ரசீதில் அஞ்சல் தலை ஒட்டியிருந்தால் அதைத் தவறு என்று எண்ணிவிடக் கூடாது. அணா போய்ப் பைசா வந்தது 1957 ஏப்ரல் 1 அன்று. நயா பைசா என்பதில் உள்ள நயா 1964 ஜூன் 1 முதல் நீங்கியது. மாநிலப் பெயர் மேலச்சாக (ஏற்கெனவே அச்சான வில்லையின் மேல் மறுபடி அச்சிட்டதாக) உள்ள வில்லையில் தமிழ்நாடு என்று இருந்தால், அது 1969 ஜனவரி 14-ஆம் நாள் நடந்த பெயர் மாற்றத்துக்குப் பிற்பட்டது.

எங்கே, எப்படித் தேடுவது

ஜார்ஜ் டவுனில் தெருத்தெருவாக அலைவதைவிட, காகிதம் இடம் மாறும் நாள்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு போவது பயன் தரும். போகிக்கு முந்தைய வாரம் இவற்றில் முதன்மையானது; வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் பரண் இறங்குவதும், தாத்தா காலத்து வாடகை ரசீதுகளும் சீட்டுக் கணக்குகளும் தெருமுனைத் தீக்குப் போவதும் அப்போதுதான். உறவினர் வீடுகளிலும் தெருவிலும் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பலர் மனமுவந்து கொடுத்துவிடுவார்கள். சௌகார்பேட்டை வணிகர்களில் பலர் தீபாவளியையொட்டிப் புதுக்கணக்குத் தொடங்குவதால், பழைய வவுச்சர் கட்டுகள் வெளியேறுவது அந்தப் பருவத்தில். அங்கே நேராக வில்லை என்று கேட்டால் விலை ஏறும், "சேட், பழைய பில்லு, வவுச்சர் கட்டு ஏதாவது எடைக்குப் போகப்போகிறதா?" என்று கேட்பதே நடைமுறைக்கு உகந்தது. அலுவலகங்கள் காலி செய்யப்படும்போதும் கட்டடங்கள் இடிக்கப்படும்போதும் கட்டுக்கட்டாகக் காகிதம் வரும் என்பதால், பகுதியில் உள்ள பழைய பேப்பர் கடைக்காரர் இரண்டு மூன்று பேரோடு பழக்கம் வைத்துக்கொள்வது எந்த ஏலத்தையும்விட மேல். கட்டைப் பிரிக்காமல் எடுத்துவைக்கச் சொல்லி, எடை விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அவரே அடுத்த முறை அழைப்பார்.

மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையான பிறகு அங்கிருந்த பழம்பொருள் வணிகத்தில் ஒரு பகுதி அல்லிக்குளம் வளாகத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பழைய புத்தகங்களுக்கு நடுவில் ஆவணங்கள் அகப்படுவதுண்டு. தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் கூட்டங்களுக்குப் போவது வாங்குவதற்காக அல்லாமல் பார்ப்பதற்காகவாவது தேவை. கண்காட்சிச் சட்டகத்தில் உள்ள உண்மையான பிழை வில்லையை லென்ஸ் வைத்துப் பார்த்தவர், இணையத்தில் படம் மட்டும் பார்த்து ஏமாறுவது குறையும்.

கட்டைப் பார்க்கும்போது வில்லையின் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஒரே ரசீதில் இரண்டு அல்லது நான்கு வில்லைகள் பிரிக்கப்படாமல் ஒட்டியிருக்கும் இடங்களே அதிகப் பயன் தருபவை. வில்லைக்கு ஒருவராகத் தொழிலாளர்கள் கையெழுத்திட்ட பழைய அக்விட்டன்ஸ் (சம்பளம் பெற்றுக்கொண்டதற்கான) பதிவேடுகளும் அப்படித்தான். ஒரே தாளிலிருந்து கிழித்த வில்லைகள் ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு என்பதால், ஒன்றில் கண்ட கோளாறு பக்கத்து வில்லையில் எப்படித் தொடர்கிறது என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

வெட்டாதீர்கள், நனைக்காதீர்கள்

அஞ்சல் தலைச் சேகரிப்பில் பழகியவர் செய்யும் முதல் வேலை, காகிதத்தோடு தலையை வெட்டித் தண்ணீரில் ஊறவைப்பது. வருவாய் வில்லையில் இது பெரும்பாலும் சேதத்தில் முடியும். கையெழுத்தை அழித்து வில்லையை மறுபடி பயன்படுத்துவதைத் தடுக்க, எழுத்து மை கரையும்போது வில்லையின் நிறமும் சேர்ந்து கரையும் வகை மைகளை அச்சகங்கள் வேண்டுமென்றே பயன்படுத்தியிருக்கின்றன. டி லா ரூவின் ஊதா, பச்சை மைகள் இதற்குப் பேர்போனவை. ஊறவைத்த வில்லை வெளிறிவிட்டால், அது ஒரு காலத்தில் நிறப்பிழையாக இருந்ததா இல்லையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வெட்டக் கூடாது என்பதற்கு அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. முத்திரைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, ஒட்டு வில்லையை மறுபடி பயன்படாதபடி ரத்து செய்ய வேண்டும் என்கிறது. வில்லையின் குறுக்கே பெயரையோ பெயரின் முதலெழுத்துகளையோ நாளோடு எழுதுவது அதற்கு அது ஒப்புக்கொள்ளும் வழி. எனவே முழு ரசீதில் உள்ள பிழை வில்லைக்கு நாள், ஊர், தொகை என்ற மூன்று சாட்சிகள் கூடவே இருக்கின்றன. கையெழுத்தின் ஒரு பாதி வில்லையிலும் மறு பாதி காகிதத்திலுமாக ஓடியிருந்தால், அந்த வில்லை அந்த இடத்திலேயே ஒட்டப்பட்டது என்பதும், பிற்காலத்தில் ஒட்டுப்போட்டதல்ல என்பதும் உறுதியாகிவிடும். புரோநோட்டில் வில்லையின் மேல் பதிந்த இடது பெருவிரல் ரேகைக்கும் இதே மதிப்பு உண்டு. அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட சாட்சிகளை ஒரு கத்தரி வெட்டில் இழந்த வில்லைக்குப் பாதி விலைகூடக் கொடுக்க எனக்கு மனம் வராது.

பிழை எந்தப் படியில் விழுந்தது

ஒரு வில்லை காகிதமாக உள்ளே போய்த் தாளாக வெளியே வருவதற்குள் அச்சு, மேலச்சு, பசை, வில்லைகளைக் கிழித்தெடுக்க இடையில் துளையிடல் என்று சில படிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு படிக்கும் அதற்கே உரிய கோளாறுகள் உண்டு.

துளையிடலில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் சந்தையில் அதிகம் விற்கப்படுவதும் அதிகம் போலி செய்யப்படுவதும் துளையில்லாத வில்லைகளே. சீப்புவகை இயந்திரத்தில் ஒரே அடியில் ஒரு படுக்கை வரிசையும், அந்த வரிசையில் உள்ள வில்லைகளுக்கு இடையிலான செங்குத்துத் துளைகளும் சேர்ந்தே விழும். மூலைகளில் துளைகள் சீராகச் சந்திப்பதைக் கொண்டு இவ்வகையை அடையாளம் காணலாம். நேர்கோட்டு இயந்திரத்தில் ஒவ்வொரு கோடும் தனியாகத் துளையிடப்படுவதால் மூலைகள் ஒழுங்கற்றுக் குறுக்கிடும். ஆகவே நேர்கோட்டு முறையில் ஒரே ஒரு கோடு விடுபட்டு, இரண்டு வில்லைகளுக்கு நடுவில் மட்டும் துளையில்லாத ஜோடி உருவாவது இயல்பு. சீப்பு முறையில் ஓர் அடி தவறினால் படுக்கைத் துளைகளும் செங்குத்துத் துளைகளும் சேர்ந்தே விடுபட வேண்டும். மூலைகள் சீப்பு முறையைக் காட்டும்போது ஒரே ஒரு கோடு மட்டும் காணாமல்போயிருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

துளையில்லாத வில்லையைத் தனியொன்றாக ஒருபோதும் வாங்காதீர்கள். அகலமான ஓரமுள்ள சாதாரண வில்லையின் பற்களைக் கத்தரித்துவிட்டால் துளையற்ற வில்லை தயார். ஜோடியாக இருந்தால், நடுவே உள்ள இடைவெளியைக் கத்தரியால் உருவாக்க முடியாது. அந்த ஜோடியிலும் நடுக்கோட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஊசி காகிதத்தைத் துளைக்காமல் அழுத்தி மட்டும் சென்றிருந்தால் வட்ட வட்டமான பள்ளங்கள் தெரியும். இதைக் குருட்டுத் துளை என்பார்கள். ஆர்வத்துக்குரியதே தவிர, துளையிடாத பிழையாகாது. ஊசி வரிசை இடம் மாறி, வில்லையின் படத்தின் குறுக்கே துளை ஓடுவதும் உண்டு. இது ஒரு தாளில் மட்டும் நேரும் விபத்து. சற்று நகர்ந்தது எல்லாம் மலிவு, மதிப்பு எழுத்து பக்கத்து வில்லைக்கே போய்விடுமளவுக்கு நகர்ந்ததே சேர்க்கத் தக்கது.

அச்சுப் படியில், எந்த முறையில் அச்சானது என்று முதலில் தீர்மானியுங்கள். எழுத்தச்சு முறையில் கோடுகளின் விளிம்பில் மை பிதுங்கிச் சற்று அடர்ந்த வரம்பு தெரியும். காகிதத்தின் பின்பக்கத்தில் அழுத்தம் தட்டுப்படலாம். ஃபோட்டோகிராவூர் முறையில் எழுத்துகளின் விளிம்புகூடப் பத்து மடங்கு லென்ஸில் ரம்பப்பல் போல, நுண்ணிய கட்டங்களால் ஆனதாகத் தெரியும். நாசிக்கில் இம்முறையில் அஞ்சல் தலைகள் 1952-இல் அச்சாயின. ஆஃப்செட்டில் விளிம்பு வழுவழுப்பாக இருக்கும். இது தெரிந்தால்தான் கோளாறின் காரணம் தெரியும். ஃபோட்டோகிராவூரில் உருளையின் மேல் மிகுந்த மையை ஒரு மெல்லிய கத்தி வழித்தெடுக்கிறது. கத்திக்கடியில் தூசி சிக்கினால் வில்லைகளின் குறுக்கே ஒரே நேராக மைக்கோடு ஓடும். அதே கோடு எழுத்தச்சு வில்லையில் இருப்பதாக ஒருவர் காட்டினால் அது பேனாக் கோடாக இருக்கலாம்.

அச்சின்போது காகிதம் மடிந்திருந்தால், மடிப்பை விரிக்கும்போது வெள்ளைப் பட்டை ஒன்று படத்தைக் கிழித்துக்கொண்டு செல்லும். பட்டையின் இரு புறமும் படம் தொடர்ச்சியாகப் பொருந்தினால் மடிப்பு உண்மையானது, நடுவே படத்தின் ஒரு பகுதி காணாமல்போயிருந்தால் யாரோ சுரண்டியிருக்கிறார்கள். ஈரம் காயாத தாளின் மேல் அடுத்த தாள் விழுந்தால், பின்பக்கத்தில் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பதியும். முன்பக்க மை காகிதத்தில் ஊறிப் பின்னால் தெரிவதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஊறியது முன்பக்கப் படத்தோடு இம்மி பிசகாமல் ஒத்திருக்கும், பதிந்தது சற்றாவது விலகியிருக்கும். இரட்டை அச்சு என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை அச்சின்போது தாள் சற்று நழுவியதால் உண்டான இழுவை. உண்மையான இரட்டை அச்சில் இரண்டு படங்களும் தனித்தனியே, கூர்மையாக, படம் முழுவதும் ஒரே அளவு விலகியிருக்க வேண்டும்.

இந்திய வில்லைகளில் மிகப் புகழ்பெற்ற பிழை 1854-ஆம் ஆண்டின் நான்கணா அஞ்சல் தலையில், விக்டோரியா அரசியின் தலை கீழ்மேலாக அமைந்தது. சட்டகம் சிவப்பிலும் தலை நீலத்திலுமாக இரண்டு முறை அச்சானதால்தான் அது சாத்தியமாயிற்று. இரண்டில் ஒரு முறை தாள் திருப்பி வைக்கப்பட்டுவிட்டது. அதனால்தான் ஒரே நிறத்தில், ஒரே முறையில் அச்சான ரசீது வில்லையில் நடுப்படம் தலைகீழாக இருப்பதாக ஒருவர் சொன்னால், வில்லையைப் பார்க்காமலே மறுத்துவிடலாம். ஆனால் மாநிலப் பெயரோ புதிய மதிப்போ மேலச்சான வில்லையில் அந்த மேலச்சு தலைகீழாகவும், இரட்டிப்பாகவும், விடுபட்டும் வரலாம், ஏனென்றால் அங்கேயும் தாள் இரண்டாவது முறை இயந்திரத்துக்குள் போகிறது. வருவாய் வில்லைகளில் பிழை தேடுவதற்கு மிக வளமான இடம் மேலச்சுதான் என்பது என் கருத்து. விடுபட்ட மேலச்சுக்கும் ஜோடி வேண்டும். ஒன்றில் மேலச்சு இருந்து, ஒட்டியிருக்கும் மற்றொன்றில் இல்லாதிருந்தால் எல்லாச் சந்தேகமும் தீர்ந்தது.

இவற்றிலிருந்து வேறுபட்டது அச்சுத்தகட்டுக் குறை. தகட்டிலேயே ஓர் எழுத்து உடைந்திருந்தால், அந்தத் தகட்டில் அச்சான ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் அதே குறை வரும். ஒரு வில்லையை மட்டும் வைத்துக்கொண்டு இதை நிறுவ முடியாது. வேறொரு ஆவணத்தில், வேறொரு நாளில் பயன்பட்ட இரண்டாவது வில்லையில் அதே குறையைக் காண வேண்டும். அதற்காகச் சாதாரண வில்லைகளை மலிவாகக் கட்டுக்கட்டாக வாங்கி மாலை நேரங்களில் பார்த்துக்கொண்டிருப்பதில் பெரிய செலவும் இல்லை, ஏமாற்றப்படும் வாய்ப்பும் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் மிகக் குறைவாக மதிக்கப்படுவதும் மிக அதிகமாகக் கற்றுத்தருவதும் இதுவே.

பிழைபோலத் தோன்றுபவை, வேண்டுமென்றே செய்தவை

நீதிமன்றக் கட்டண வில்லையில் உருவம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தால் வியக்க வேண்டாம். 1870-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, மதிப்பு எழுத்தைத் தொடாமல் உருவத்தைத் துளைத்து எடுத்தே வில்லையை ரத்து செய்யச் சொல்கிறது. வெட்டியெடுத்த துண்டை எரிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்றும் சொல்கிறது. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி தலைகீழாக இருப்பது தாள் மாறி வைக்கப்பட்டதன் விளைவு. குறித்துவைக்கலாம், அதற்காகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம். ஜன்னலோரச் சட்டகத்தில் மாட்டிவைத்து நீலம் வெளுத்த வில்லையும், ஈயம் கலந்த ஆரஞ்சு, சிவப்பு மைகள் காற்றில் உள்ள ஹைட்ரஜன் சல்பைடால் கறுத்த வில்லையும் நிறப்பிழைகளாகவே விற்கப்படுகின்றன. ஒரு நிறம் முழுவதும் விடுபட்டதற்கும் அது மங்கியதற்கும் உள்ள வேறுபாட்டைப் பத்து மடங்கு லென்ஸில் தேடுங்கள். ஒரு புள்ளி அளவு நிறம் தென்பட்டாலும் அது விடுபட்ட நிறமாகாது.

போலி மேலச்சைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி உதவும்: மேலச்சு மை, கையெழுத்து அல்லது ரப்பர் முத்திரையின் மேலே கிடக்கிறதா, கீழே கிடக்கிறதா? அச்சகத்தில் விழுந்த மேலச்சு எப்போதும் கீழே இருக்கும். புற ஊதா டார்ச்சின் ஒளியில், ரசாயனத்தால் கையெழுத்து நீக்கப்பட்ட இடம் திட்டுத்திட்டாகத் தெரியும்; விடுதலைக்கு முற்பட்டதாகச் சொல்லப்படும் வில்லையின் காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், ஒளிர்விப்பான் கலந்த பிற்காலக் காகிதம் என்று சந்தேகிக்கலாம். 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அம்பலமான தெல்கி மோசடியில் போலி முத்திரைத்தாள்களோடு போலி வில்லைகளும் நாடெங்கும் புழங்கின. அந்தக் காலத்து ஆவணத்தில் நிறமும் துளையளவும் மாறுபட்ட வில்லையைக் கண்டால், அச்சுப்பிழை என்று மகிழ்வதற்கு முன் அரசு அச்சகத்தில் அது அச்சானதா என்றே கேட்க வேண்டியிருக்கும். துளையளவு என்பது 2 சென்டிமீட்டர் நீளத்தில் உள்ள துளைகளின் எண்ணிக்கை. அதற்கான அளவுகோலை வைத்துச் சாதாரண வில்லையோடு ஒப்பிடுவது சில நொடி வேலை.

விலையும் சட்டமும்

விலையைப் பொறுத்தவரை, விற்பவர் கேட்கும் தொகை சான்றாகாது. பொது ஏலங்களில் உண்மையில் விற்ற தொகையை மட்டும் பாருங்கள். பெரிய தொகை கேட்கப்படும் வில்லைக்கு நிபுணர் குழுவின் சான்றிதழ் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பயன்படுத்தாத வில்லைகளை வாங்குவதில் எச்சரிக்கை தேவை. உரிமம் பெறாதவர் முத்திரைகளை விற்பது, சிறு மதிப்புள்ள ஒட்டு வில்லைகள் நீங்கலாக, முத்திரைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவுப்படி குற்றம். பயன்படுத்திய வில்லையின் ரத்துக் குறியை அழிப்பது இந்திய தண்டனைச் சட்டத்தில் 263-ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது குற்றமே. நீதிமன்றத்தின் அல்லது அரசு அலுவலகத்தின் கோப்பு எண்ணும் முத்திரையும் உள்ள கட்டு வெளியே வந்திருந்தால், எவ்வளவு நல்ல பிழை வில்லை அதில் இருந்தாலும் தொடாதீர்கள். அது முறையாகக் கழிக்கப்பட்டதா, திருடப்பட்டதா என்பதை வாங்குபவரால் அறிய முடியாது. குடும்ப ஆவணங்களில் தீராத கடனோ சொத்துத் தகராறோ இருக்கக்கூடும் என்பதால், படம் எடுத்துப் பிறருக்குக் காட்டும்போது பெயர்களையும் முகவரிகளையும் மறைத்துவிடுங்கள். 75 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருவதால், அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

கடற்காற்றில் பாதுகாப்பது

காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலோரத்தில் குடியிருப்பவருக்கு முதல் பகை ஈரம். பசையுள்ள வில்லைகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். காகிதத்தில் துரு நிறப் புள்ளிகள் வரும். ஈரப்பதம் 50 சதவீதத்தையொட்டி இருப்பது நல்லது என்றாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீடுகளில் அது நடக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆல்பத்தைத் தேவையின்றித் திறக்காமல், இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பதே வழி. நீலநிற ஜெல் இளஞ்சிவப்பானால் அதைச் சூடாக்கி உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். பீரோ வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. ஆல்பங்களை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிறுத்திவையுங்கள். பி.வி.சி. உறைகளில் உள்ள மென்மையாக்கி காலப்போக்கில் மையைக் கரைக்கும். பாலியெஸ்டர் உறையும் கிளாசின் காகிதமும் பாதுகாப்பானவை. இராமபாணப் பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைக்கும் வழக்கம் நல்லதுதான், ஆனால் பெட்டியின் அடியில் துணியில் முடிந்து வைக்க வேண்டும். பக்கங்களுக்கு இடையில் வைத்த இலை கறையாகிவிடும். செல்லோடேப்பை எந்த நிலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு சிறு குறிப்பட்டை எழுதுங்கள். அதில் வில்லையின் வகை, மதிப்பு, துளையளவு, ஆவணத்தின் நாள், எங்கே எவ்வளவுக்குக் கிடைத்தது என்பவற்றோடு, பிழை நேர்ந்த படியும் காரணமும் ஒரு வாக்கியத்தில் இருக்க வேண்டும். "மேலச்சின்போது தாள் தலைகீழாகப் போனது, கையெழுத்து மேலச்சின் மேல் ஓடுகிறது" என்று எழுத முடிந்தால் அந்த வில்லை ஆல்பத்துக்குப் போகலாம். அப்படி ஒரு வாக்கியம் அமையாத வில்லைகளை எறிந்துவிட வேண்டாம். தனி உறையில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதி வைத்து, அதே குறையுள்ள இன்னொரு வில்லை ஏதாவதொரு கட்டில் அகப்படும்வரை விட்டுவையுங்கள்.